செவிட்டு நட்டு

பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கத்தான் வாட்ச்மேன் பையைத் திறக்கச் சொன்னான். மலைக்கு மேலே பிளாஸ்டிக் கூடாது, அது லூர்துமேரிக்கும் தெரியும், தண்ணீரை ஸ்டீல் பாட்டிலில்தான் கொண்டுவந்திருந்தாள். ஆனாலும் ஜிப்பை இழுக்கும்போது கை நடுங்கியது. நடுங்கியதே என்றுதான் அவளுக்கு எரிச்சல். கோயம்புத்தூர் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவுக்குப் பாடம் எடுக்கிறவள், மீசை முளைத்த பையன்களை ஒரு பார்வையில் உட்கார வைக்கிறவள், ஐம்பதைத் தொடப்போகிறவள், எவனோ ஒருவன் பைக்குள் கையை விட்டதும் பத்தாம் வகுப்புப் பெண்ணாகி நின்றாளே. அவன் பாட்டிலைத் தட்டிப் பார்த்தான், துணியில் சுற்றியிருந்த சாமானை லேசாக அழுத்திப் பார்த்தான், "போங்கம்மா" என்றான். அவ்வளவுதான். உள்ளே போகிறவர்களை யார் சந்தேகப்படப் போகிறார்கள். வெளியே வருகிறவர்களைத்தான் அந்தக் காலத்தில் சோதிப்பார்கள், சாயங்காலம் சங்கு ஊதியதும் இதே கேட்டில் வரிசையாக நிற்க வைத்து, தூக்குவாளியைத் திறந்து, பையைத் தடவி. அப்படித் தடவியபோதுதான் இதே சாமான் ஒரு மனுஷனின் பையிலிருந்து வந்தது. அந்த மனுஷன் அவளுடைய அப்பா சூசைமாணிக்கம், இந்த டீ பேக்டரியில் ஃபிட்டராக இருந்தவர். சாமான் ஒரு ஸ்பேனர். அன்றைக்கு வேலை போனது. லூர்து ஜிப்பை மூடிக்கொண்டு டிக்கெட் கவுண்டரைப் பார்த்து நடந்தாள்.

பேக்டரி இப்போது ஓடவில்லை, மியூசியமாகிவிட்டது. டிக்கெட்டோடு ஒரு கப் டீ இலவசம், வெளியே போகும் வழியில் சாக்லேட் கடை. இடுப்பில் சின்ன ஸ்பீக்கரும் கன்னத்தில் மைக்குமாக ஒரு கைடு பெண், குமுதா என்று சட்டையில் பேர் குத்தியிருந்தது, "எல்லாரும் என் பின்னாடியே வாங்க, எதையும் தொடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். கல்யாணம் ஆகிப் பத்து நாள்கூட ஆகியிருக்காத ஒரு ஜோடி, குல்லாய் போட்ட குழந்தைகளோடு இரண்டு குடும்பம், கடைசியில் லூர்து. இடுப்பில் பை இடித்துக்கொண்டே வந்தது. உள்ளே அந்த ஸ்பேனர், ஒன்றரைச் சாண் நீளம், நட்டைக் கவ்வ ஒரே ஒரு வாய், மறுமுனையில் தொங்கவிட ஒரு துளை. ஸ்பேனர் என்றால் எங்கேயாவது ஒரு பேர் இருக்கும், கம்பெனி பேர், ஊர் பேர், குறைந்தபட்சம் அளவாவது. இதில் ஒரு எழுத்துகூட இல்லை. அதுதான் அன்றைக்கு வினையாகிப் போனது. பேக்டரி சாமான் எல்லாவற்றிலும் எஸ்டேட்டின் எழுத்தை அடித்து வைத்திருப்பார்கள், ஆகவே எழுத்தில்லாத சாமான் ஒரு ஃபிட்டரின் பையில் இருந்தால் அவன் எழுத்தை அராவி எடுத்துவிட்டான் என்று அர்த்தம். அப்பா "நான் செஞ்சது சார்" என்றார். கேட்டில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அசிஸ்டென்ட் மேனேஜர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இங்கிலீஷ் சாமான்யா, இவ்வளவு நல்லா நீ செஞ்சியா" என்றாராம். நன்றாக இருந்ததுதான் தப்பு. கோணல்மாணலாக, கறுப்பாக, பார்க்கச் சகிக்காமல் இருந்திருந்தால் நம்பியிருப்பார்கள். இந்த இடத்துக்கு வந்தால் லூர்துவின் மனசு ஒவ்வொரு முறையும் நின்றுவிடும், நகராது, அங்கேயே நின்று அந்த ஆளைப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்கும். போலீசுக்குப் போகவில்லை, தானாக விலகுவதாக ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள், ஸ்பேனரை கேட்டுக்கு வெளியே ரோட்டில் வீசினார்கள். "திருடுனத நீயே வச்சுக்க." அதைக் குனிந்து பொறுக்கிக்கொண்டுதான் அப்பா வீட்டுக்கு வந்தார்.

"இங்கதான் பச்சை இலையைப் பரப்பிக் காய வைப்பாங்க" என்றது ஸ்பீக்கர். மரத்தொட்டிகள், அடியில் கம்பி வலை. குழந்தைகள் வலையை எட்டிப் பார்த்தன. இலை ஒன்றுகூட இல்லை, ஆனால் பலகைக்குள் அந்த வாசனை இன்னும் இருந்தது, வாடின இலையின் பச்சை வாசனை, அப்பாவின் சட்டையில் வருமே, கிரீஸோடும் பீடியோடும் கலந்து, அது. சீ, இதற்காகவா வந்தாய், மூக்கை மூடிக்கொள். அப்பாவை நினைத்து உருகுவதற்கு அவர் ஒன்றும் அப்படிப்பட்ட ஆளும் இல்லை. வாயைத் திறந்தால் புளுகு. எஸ்டேட் ஆட்கள் குடியிருந்த லைன் வீட்டுப் பக்கம் கரடி வந்தபோது குடையால் அடித்து விரட்டினாராம். வெலிங்டன் பக்கம் மலை ரயில் நின்றுபோய், எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, இவர் ஒரு தீக்குச்சியைச் செருகி ஓடவிட்டாராம். பேக்டரியை விட்டுப் போன வெள்ளைக்கார இன்ஜினியர் கப்பலேறும்போது இவர் பேரைச் சொல்லி அழுதாராம், அந்த இன்ஜினியர் போனபோது இவருக்கு அரைக்கால் டவுசர் வயசு. இப்படிப்பட்ட ஆள் கேட்டில் நின்று 'நான் செஞ்சது' என்றால் யார் நம்புவார்கள்? மேனேஜரை விடு, லைனில் யாராவது நம்பினார்களா? பெற்ற மகளே நம்பினாளா? ஸ்பேனருக்கும் ஒரு கதையோடு அவர் விடவில்லை. ஒரு நாள் லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்துச் செய்ததாகச் சொல்வார். இன்னொரு நாள் வெள்ளைக்காரன் பிரியமாகக் கொடுத்துவிட்டுப் போனது. இன்னொரு நாள் மேட்டுப்பாளையத்தில் ஒரு பந்தயத்தில் ஜெயித்தது. ஒரே கதையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் அதை நம்பியாவது தொலைத்திருக்கலாம். எல்லாக் கதையும் அவருக்கு வேண்டும்.

அம்மா ஒரு கதையையும் கேட்கவில்லை. அம்மாவுக்கு அந்தக் கையெழுத்து போதும். செய்யாதவன் எதுக்குக் கையெழுத்துப் போடறான், இது ஒன்றுதான் அவள் கேட்டது, அதுவும் ஒரு தடவைதான். அதற்கப்புறம் அவரிடம் நேராகப் பேச்சில்லை. "உங்கப்பாகிட்ட சொல்லு, சோறு ஆறுது." "உங்கப்பாவ கேளு, மாத்திரை போட்டாராமா." ஒரே அறையில் இருப்பார், எதிரே உட்கார்ந்திருப்பார், லூர்து நடுவில் நின்று அம்மா சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்வாள், அவரும் ஒன்றும் தெரியாதது மாதிரி அவளிடம் பதில் சொல்வார். கோயம்புத்தூருக்கு வந்த பிறகும் அப்படித்தான், அவர் செத்த அன்றுவரை அப்படித்தான். அந்த ஸ்பேனரை அம்மா வீசி எறியவும் இல்லை. கட்டில் கால் ஒன்று குட்டை, ஆடும், அதற்கு முட்டுக் கொடுத்து வைத்தாள். அப்பா அந்தக் கட்டிலில்தான் படுத்தார், வருஷக்கணக்காக, தன் மானத்தையே முட்டுக் கொடுத்து அதன் மேல் படுத்துக்கொண்டு, காலையில் எழுந்து இன்னொரு கரடிக் கதை சொன்னார். அடக்கம் முடிந்து வந்த அன்று லூர்துதான் கட்டிலைத் தூக்கி அதை எடுத்தாள். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது இலையை உருட்டற மெஷின், ரோலர்னு சொல்வாங்க." பித்தளைத் தட்டு பளபளத்தது. புதுப்பெண் அதில் முகம் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொண்டாள். லூர்து மெஷினைப் பார்த்தாள், பழக்கதோஷம், நட்டுகளைத்தான் பார்த்தாள். எல்லாம் மழமழவென்று ஒரே மாதிரி. பேரில்லாத ஸ்பேனரை யார் செய்தது, எப்போது செய்தது என்று கண்டுபிடிப்பது ஒரு பைத்தியம், அது பிடித்தால் விடாது, வெளிநாட்டில் அதற்கென்று கூட்டமே இருக்கிறது. கம்ப்யூட்டரில் அந்தக் கூட்டத்தில் சேர்ந்து படம் போட்டாள். ஒருத்தர் கழுத்தின் வளைவைப் பார்த்துவிட்டு இங்கிலாந்து என்றார், இரண்டு உலகப் போருக்கும் நடுவில் என்றார், ஏதோ பிரசவ அறையில் கூடவே நின்றவர் மாதிரி. இன்னொருத்தர் கைப்பிடியின் சரிவைப் பார்த்து அமெரிக்கா என்றார். இருவரும் ஒரு வாரம் சண்டை போட்டார்கள். அவள் தன் வழியில் பார்த்தாள். அச்சில் வைத்து அடித்த ஸ்பேனர் என்றால் இரண்டு அச்சும் சேர்ந்த இடத்தில் விளிம்போடு ஒரு கோடு ஓடும், தேய்த்தாலும் சாயல் இருக்கும். இதில் ஒரு பக்கம் கோடு மாதிரி ஒன்று தெரிகிறது, மறுபக்கம் இல்லை, அது அச்சுக்கோடா, அடிக்கும்போது விழுந்த மடிப்பா, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துப் பார்த்துக் கண் வலித்ததுதான் மிச்சம். எந்த இரும்பு என்று தெரிய முனையைச் சாணைக்கல்லில் தொட்டுப் பொறியைப் பார்த்தாள், லாரிப் பட்டையின் பொறி போலவும் இருந்தது, இல்லை போலவும் இருந்தது. வெர்னியர் அளவுகோலை வைத்து வாயை அளந்தாள். அங்குலக் கணக்கில் அப்படி ஒரு அளவே இல்லை. மில்லிமீட்டரிலும் இல்லை. போதாததற்கு வாய் லேசாகக் கோணல், ஒரு தாடை நேர், இன்னொன்று சாய்வு. அளவுக்கு மீறி இழுத்து வாய் விரிந்துவிட்டது என்று நினைத்தாள், எந்த ஃபிட்டரும் அப்படித்தான் நினைப்பான், வாய் விரிந்த ஸ்பேனரைத்தானே தினமும் பார்க்கிறோம். ஒரு நாள் மேசை வைஸில் இறுக்கிப் பிடித்துச் சாய்வை நேராக்கிவிடலாம் என்று அரத்தைக்கூட எடுத்துவிட்டாள், அரம் இரும்பைத் தொடப்போகிற நேரத்தில் டீ வந்தது, குடித்துவிட்டு வந்து ஏனோ அராவவில்லை. ஒரு கப் டீ வராமல் போயிருந்தால் அப்பாவின் சாட்சியை அவளே அராவித் துடைத்திருப்பாள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு ஆஸ்திரேலியக்காரர் மட்டும் சண்டையில் சேராமல் ஒரே ஒரு வரி எழுதினார். பழைய பெரிய இன்ஜின்கள் செய்த கம்பெனிகள் இன்ஜினோடு அதன் நட்டுக்கென்றே ஸ்பேனர் செய்து பெட்டியில் போட்டு அனுப்புவார்கள், அதில் பேர் இருக்காது, அளவும் எந்தக் கணக்கிலும் அடங்காது, எந்த நட்டுக்குச் சேருகிறதோ அந்த நட்டுதான் அதன் பேர். அன்று ராத்திரி லூர்துவுக்குத் தூக்கமில்லை. பேக்டரியில் அப்படி ஒரு இன்ஜின் இருந்தது. பேரில்லை, அளவில்லை, பார்க்க இங்கிலீஷ் சாமான். எல்லாம் சரியாகப் பொருந்தியது, அப்பா எடுத்துவிட்டார் என்ற இடத்தில் போய்ப் பொருந்தியது. அவர் எழுத்தை அராவவில்லை, அவ்வளவுதான், எழுத்து முதலிலேயே இல்லை, எடுத்ததென்னவோ எடுத்ததுதான். அப்படியே அதை அலமாரியில் வைத்துவிட்டாள். போன வாரம்தான் மறுபடி எடுத்தாள், ஏன் எடுத்தாள் என்று கேட்டால் தெரியாது, சில பேர் ஆறின புண்ணை நோண்டுவார்களே அப்படித்தான். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, "இன்னுமா அதப் போட்டு நோண்டிட்டிருக்க" என்றாள். அப்புறம் தலையை நிமிர்த்தாமல், "குடிச்சா அந்த செவிட்டு நட்டைத்தான் திட்டுவாரு. எந்த ஸ்பேனருக்கும் கேக்க மாட்டேங்குதாம், நாலுல மூணு தங்கமாம், ஒண்ணு செவிடாம். அதுக்குன்னே ஒண்ணு செஞ்சிருக்கேம்பாரு. யாரு கேட்டா அதையெல்லாம்" என்றாள். லூர்துவின் கையிலிருந்த வெர்னியர் அப்படியே நின்றது. மூலை மழுங்கிய நட்டு. ஸ்பேனர் பிடிக்காமல் வழுக்கும், உளியை வைத்து அடித்துக் கழற்றியிருப்பார்கள், அடிபட்டுச் சிதைந்ததை எவனோ அராவி ஒப்பேற்றியிருப்பான், அளவு குறைந்து, பக்கம் கோணி. கோணல் நட்டுக்குக் கோணல் வாய். வாய் விரியவே இல்லை. அப்படித்தான் செய்தது.

அப்படியென்றால் ஒரு சோதனைதான். நாலு நட்டு ஒன்றாக இருக்கிற இடம் இன்ஜினின் பெரிய சக்கரத்துப் பக்கம் பேரிங் மூடிதான். மியூசியத்துக்கு வந்தவர்கள் எடுத்துப் போட்ட படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள், நாலும் இருக்கின்றன, எது எப்படி என்று தெரியவில்லை. ஸ்பேனர் நாலுக்கும் சேர்ந்தால் அது இன்ஜினோடு வந்தது, அப்பா எடுத்தார். மூன்றுக்குச் சேராமல் ஒன்றுக்கு மட்டும் சேர்ந்தால் அது அந்த ஒன்றுக்காகச் செய்தது, அந்த நட்டு செவிடான பிறகு செய்தது, செய்தது யார் என்று கேட்க வேண்டியதே இல்லை. அம்மாவிடம் இதைச் சொன்னாள். அம்மா கீரையைத் தண்ணீரில் போட்டு அலசினாள், ரொம்ப நேரம் அலசினாள். "எடுத்திருந்தாருன்னா நான் எப்பவோ மன்னிச்சிட்டேன்டி" என்றாள். "எடுக்கலைன்னா நான் என்ன பண்ணுவேன்?" அந்தக் கேள்விதான் பஸ்ஸில் கூடவே வந்தது, இப்போது இந்தக் கல் தரையிலும் பின்னாலேயே வருகிறது. அப்பா திருடன் என்று தெரிந்துவிடுமோ என்று பயந்து வந்தவளுக்கு, திருடன் இல்லை என்று தெரிந்துவிடுமோ என்றும் பயமாக இருந்தால் எந்தப் பயத்தைத்தான் கையில் பிடிப்பது. திரும்பிப் போய்விடு என்றது மனசு. இலவச டீயைக் குடி, சாக்லேட் வாங்கு, அம்மாவிடம் இன்ஜின் ரூமைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று சொல், அப்பனுக்கேற்ற பெண்ணாக ஒரு புளுகு. போக மாட்டேன் என்றாள் லூர்து, வாய்விட்டே சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, முன்னால் போன குழந்தை திரும்பிப் பார்த்தது.

இன்ஜின் ரூமுக்குப் போகிற வழியில் ஒரு ஜன்னல். அதன் வழியாக லைன் வீடுகள் தெரிந்தன, வரிசையாகத் தகரக் கூரைகள், மூன்றாவது அவர்களுடையது, இப்போது நீலம் அடித்திருந்தார்கள். பொங்கல் கழிந்த வாரம் அப்பாவுக்கு வேலை போனது. ஈஸ்டர் கழிந்துதான் அந்த வீட்டைக் காலி செய்தார்கள். இடையில் அவள் பரீட்சை எழுதினாள், கணக்குக்கு நூறு வாங்கினாள். வேலை போனவனை மறுநாளே லைனை விட்டு விரட்டுகிற எஸ்டேட்டில் அவர்களை மட்டும் ஏன் அத்தனை நாள் விட்டுவைத்தார்கள்? "உன் பரிட்சை முடியட்டும்னுதான் கையெழுத்துப் போட்டேன்" என்று அப்பா ஒரு தரம் சொன்னார். கரடிக் கதையோடு கதையாக அதையும் வைத்துவிட்டாள். சிரித்தாள்கூட. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், குளிர்ந்து கிடந்தது. அந்த ஆள் அத்தனை பொய் சொல்லாமல் இருந்திருக்கலாம், இருந்திருந்தால் இந்த ஒன்று எங்கேயாவது தனியாகத் தெரிந்திருக்கும். கோபம் வந்தது, அவர் மேல், அவருக்காக, பிரித்துச் சொல்ல முடியாத கோபம், அது வந்ததும் கால் நேராக நடந்தது.

இன்ஜினை மணப்பெண் மாதிரி அலங்கரித்து வைத்திருந்தார்கள். சக்கரத்துக்குச் சிவப்பு, உடம்புக்குப் பச்சை, சுற்றிலும் வெல்வெட் கயிறு. கிட்டே போனதும் லூர்துவுக்குச் சொரேலென்றது. நட்டுகளுக்கும் பச்சை அடித்திருந்தார்கள், ஒரு கோட்டு இல்லை, மூன்று நாலு கோட்டு, மூலை தெரியாமல் மொழுகியிருந்தது. நாலும் ஒரே மாதிரி, நாலு பச்சை உருண்டை. "இந்த இன்ஜின் கப்பல்ல வந்து, மாட்டு வண்டியில மலை ஏறுச்சு" என்று குமுதா சொல்லிக்கொண்டிருந்தாள். கூட்டம் போட்டோ எடுத்தது. மெல்ல அடுத்த அறைப் பக்கம் நகர்ந்தது. லூர்து நகரவில்லை. யாரிடம் அனுமதி கேட்பது? கேட்டால் இல்லை என்பார்கள், அப்பா கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள், உள்ளே விடுங்க, நட்டுல வச்சுக் காட்டறேன் என்று அவர் கெஞ்சினாரா இல்லையா யாருக்குத் தெரியும். கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனாள். பையிலிருந்து சுரண்டும் கத்தியை எடுத்தாள், அதையும் கொண்டுதான் வந்திருந்தாள், மனசு எவ்வளவு நடுங்கினாலும் கை முன்கூட்டியே துணிந்திருந்தது.

முதல் நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களைச் சுரண்டினாள். பச்சை சுருள் சுருளாக வந்தது, கீழே வெள்ளை இரும்பு. துணியைப் பிரித்து ஸ்பேனரை வைத்தாள். போகவில்லை. வாய் சின்னது, நட்டு பெரிசு, பெயின்ட் போன பிறகும் நெல் அளவுக்கு இடிக்கிறது. ஒன்று போதாது. இரண்டாவதைச் சுரண்டினாள். "மேடம்! மேடம், என்ன பண்றீங்க, கயிறைத் தாண்டக் கூடாது!" குமுதாவின் குரல் ஸ்பீக்கரில் அறை முழுக்க அலறியது. இரண்டாவதிலும் போகவில்லை. "அஞ்சு நிமிஷம்மா" என்றாள் லூர்து திரும்பாமல். "ஐயோ, பெயின்ட்டைப் போயி... நான் மேனேஜரைக் கூப்பிடுவேன் மேடம்." "கூப்பிடு. வரச் சொல்லு. அவரும் பாக்கட்டும்." அந்த அதட்டல் தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவளுக்கே சந்தேகம். போன கூட்டம் திரும்பி வந்து கயிற்றோரம் நின்றது, செல்போன்கள் எழுந்தன. எடுத்துக்கொள்ளட்டும். அன்றைக்குக் கேட்டில் கூட்டம் நின்று சிரித்தது, இன்றைக்கு நின்று பார்க்கட்டும். மூன்றாவது. போகவில்லை. மூன்று தங்கம். நாலாவதில் கத்தியை வைத்ததுமே தெரிந்துவிட்டது. பெயின்டுக்குக் கீழே உளி அடிகள், ஆழமாக, ஒன்றின் மேல் ஒன்று, மூலை எல்லாம் மழுங்கி, ஒரு பக்கம் மட்டும் அராவிய தடம், அதுவும் கோணலாக. செவிடு. ஐயோ அப்பா. ஸ்பேனர் ஒரு தரம் இரும்பில் மோதிச் சத்தம் போட்டது. வைத்தாள். போகவில்லை. இரு, அவசரப்படாதே, வாய் கோணல், நட்டும் கோணல், திருப்பு. புரட்டிப் பிடித்து வைத்தாள். வழுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தது, அடிவரை, ஒரு மயிரிழை இடைவெளி இல்லாமல். கையை எடுத்தாள். ஸ்பேனர் விழவில்லை. நட்டைக் கவ்விக்கொண்டு அப்படியே நின்றது.

குமுதா கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டாள், திட்டத்தான் வந்தாள், நின்று பார்த்தாள். மைக்கைக் கன்னத்திலிருந்து விலக்கிக்கொண்டு, "என்ன மேடம் இது?" என்றாள். "இந்த ஒரு நட்டுக்குன்னு செஞ்சது. இங்க ஃபிட்டரா இருந்தவரு செஞ்சாரு." "உங்களுக்குத் தெரிஞ்சவரா?" லூர்து தலையாட்டினாள், போனை எடுத்தாள். எடுத்தவள் அழுத்தாமல் நின்றாள். எடுத்துட்டாரும்மா என்று சொன்னால் முடிந்தது. அம்மா எப்போதோ மன்னித்துவிட்டாள், நிம்மதியாகக் கீரை ஆய்வாள், மிச்சக் காலத்தைச் சமாதானமாக ஓட்டுவாள். உண்மையைச் சொன்னால் அந்த 'உங்கப்பாகிட்ட சொல்லு' எல்லாம், அத்தனை வருஷத்து அத்தனை சோறும் மாத்திரையும், எல்லாம் அம்மாவின் தலையில் வந்து விழும். எழுபத்தைந்து வயசுக்காரியின் தலையில். விழட்டும். ஏன் விழக் கூடாது? எல்லாரும் நிம்மதியாக இருக்க அந்த மனுஷன் ஒருத்தர் திருடனாக இருக்க வேண்டுமா? வாழ்நாள் முழுக்கப் பொய் சொன்னவர், இது ஒன்றை உண்மையாகச் சொன்னார், அதையும் நான் பொய்யாக்குவதா? மாட்டேன். அழுத்தினாள்.

"அம்மா. அப்பாதான் செஞ்சாரு." அந்தப் பக்கம் டி.வி. சத்தம் நின்றது. "நாலையும் பாத்தியா?" "பாத்தேன்." "சேரலையா?" "மூணுக்குச் சேரலம்மா. செவிட்டு நட்டுக்குத்தான் சேருது. கைய விட்டாலும் விழாம நிக்குது." "எனக்குக் காட்டத்தான் எடுத்துட்டு வந்தேன்னாரு" என்றாள் அம்மா. குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "அன்னைக்கு வந்து நின்னுக்கிட்டு, தெரசா இதப் பாரு, இதப் பாருன்னாரு. நான் பாக்கலடி. திரும்பிக்கூடப் பாக்கல." அம்மா மூக்கை உறிஞ்சினாள், பிறகு பழைய அம்மாவாக, அதட்டலாகச் சொன்னாள்: "அத அங்க விட்டுட்டு வந்துராத. பையில போடாத, துணியிலயும் சுத்தாத. கையில புடி. அந்த கேட்டு வழியாத்தான அவர அனுப்புனானுங்க, அந்த கேட்டு வழியாவே எடுத்துட்டு வா. வந்து எங்கிட்ட காட்டு. நான் பாக்கறேன்."

மேனேஜர் டவுனுக்குப் போயிருந்தார். பெயின்டுக்கு என்ன ஆகுமோ அதைக் கட்டுகிறேன் என்று லூர்து தன் பேரும் நம்பரும் குமுதாவிடம் எழுதிக் கொடுத்தாள், பெரிய எழுத்தாக எழுதினாள், சூசைமாணிக்கம் மகள் லூர்துமேரி என்று. "அந்த நட்டை மட்டும் மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டாம்னு சொல்லிப் பாக்கறேன் மேடம்" என்றாள் குமுதா. இலவச டீயைக் குடிக்காமல், சாக்லேட் கடையைப் பார்க்காமல், ஸ்பேனரை வலது கையில் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு நடந்தாள். வெயிலில் அது மினுங்கியது. வாட்ச்மேன் எழுந்து வந்தான். "அம்மா, நில்லுங்க. அது உள்ள இருந்த சாமானா?" கை நடுங்கவில்லை. அதை அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கிப் புரட்டினான், கைப்பிடியில் பார்த்தான், கழுத்தில் பார்த்தான், பேரைத் தேடுகிறான். "இதுல பேரே இல்லையே. யாரு செஞ்சது?"

"எங்கப்பா."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான், மறுபடி ஸ்பேனரைப் பார்த்தான். "ரொம்ப நல்லா இருக்கே" என்றான்.

"ஆமா" என்றாள் லூர்து, கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். "நல்லாத்தான் செஞ்சிருக்காரு."